கம்மந்தான் கான் சாகிபு

சென்னையிலிருந்து தெற்கு நோக்கி வரும் ரயில், செங்கற்பட்டை நெருங்கும்போது கொளவாய் ஏரிக்கரையை ஒட்டி ஓடும். ஏரிக்காற்று முகத்தில் பட்டதும் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியின் வாசலுக்கு வந்து நிற்பது நம் கல்லூரி மாணவர் பலரின் வழக்கம். அப்படி நிற்கும்போது ஏரியைப் பார்க்கிறோம். எதிரே வரும் வண்டியைப் பார்க்கிறோம். ஆனால் அந்த இருப்புப் பாதை ஒரு பழைய கோட்டையை ஊடறுத்துச் செல்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருப்போம்? முதலாண்டு முழுவதும் நானும் கவனிக்கவில்லை.

கவனிக்க வைத்தவர் என் அத்தை மகன். அவர் மெட்ராஸ் ரெஜிமென்டில் சிப்பாய். குன்னூருக்கு அருகிலுள்ள வெலிங்டனில் பயிற்சி முடித்து விடுமுறையில் வந்தவர், தம் படைப்பிரிவின் வரலாறு 1758ஆம் ஆண்டுவரை பின்னோக்கிச் செல்கிறது என்று பெருமையுடன் சொன்னார். 1758ல் இந்நாட்டில் யார் யாரோடு போரிட்டார்கள், அந்தப் படையில் நம்மவர் யார் இருந்தார் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தெரியாததை நூலகத்தில் தேடத் தொடங்கியபோது கிடைத்த பெயர்தான் முகம்மது யூசுப்கான். மக்கள் அவரைக் கான் சாகிபு என்றார்கள். ஆங்கிலேயர் கொடுத்த கமாண்டன்ட் என்ற பதவிப்பெயர் தமிழர் நாவில் கம்மந்தான் ஆயிற்று. மருதநாயகம் என்ற பெயரில், 1997ல் தொடங்கப்பட்ட ஒரு திரைப்படத்தால் அவரை அறிந்தவர்கள் பலர். ஆனால் அவர் நம் செங்கற்பட்டுக் கோட்டையிலிருந்து போரிட்டவர் என்பதை அறிந்தவர்கள் சிலரே.

கீழ்ப்படியிலிருந்து

இராமநாதபுரம் சீமையிலுள்ள பனையூரில், 1725ஆம் ஆண்டையொட்டி, வேளாளர் குடும்பம் ஒன்றில் மருதநாயகம் என்ற பெயருடன் அவர் பிறந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இளமையிலேயே வீட்டைவிட்டு ஓடிப் புதுச்சேரி சேர்ந்தார். ஐரோப்பியர் வீடுகளில் வேலை செய்தார். இசுலாத்தைத் தழுவி முகம்மது யூசுப் ஆனார். பல மொழிகளைக் காதாலேயே கற்றார் என்றும் கூறுவர். பின்னர்ச் சிப்பாயாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, நெல்லூர் சுபேதார் என்று அழைக்கப்படும் நிலையை அடைந்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே கீழ்ப்படியில் தொடங்கிய மனிதர் கதை என்றால் எனக்கு இயல்பாகவே ஓர் ஈர்ப்பு உண்டு. முன்னோர் சேர்த்துவைத்த பொருளோ பரிந்து பேச ஆளோ இல்லாத ஒருவர், மற்றவர் நடத்தும் ஒரு நிறுவனத்துக்குள் தம் திறமை ஒன்றையே கையில் பிடித்துக்கொண்டு நுழைகிறார். அதற்குமேல் அவர் எவ்வளவு தூரம் போக முடியும்? அந்த நிறுவனம் அவரை எவ்வளவு தூரம் போகவிடும்? இந்த இரண்டு கேள்விகளோடுதான் நான் அவர் வாழ்க்கையைப் படித்தேன்.

அக்காலத்து நாட்டு நிலையைச் சிறிது அறிந்துகொண்டால்தான் அவருடைய உயர்வு விளங்கும். 1749ல் ஆர்க்காட்டு நவாபு அன்வருதீன்கான் ஆம்பூர்ப் போரில் மாண்டார். நவாபு பட்டத்துக்கு அவர் மகன் முகம்மது அலியும் சந்தா சாகிபும் போட்டியிட்டனர். ஆங்கிலக் கம்பெனி முன்னவர் பக்கமும், பிரெஞ்சுக் கம்பெனி பின்னவர் பக்கமும் நின்றன. வரி வாங்கும் உரிமை யாருக்கு என்பதே போரின் உட்பொருள். வயலில் இறங்கி நெல் விளைவித்த குடியானவனை எவரும் கேட்கவில்லை.

நம் கடற்கரையை நோக்கினால் இப்போட்டியின் தடங்கள் வரிசையாகத் தெரியும். வடக்கே கோவளத்தில் அன்வருதீன் கட்டிய கோட்டை. அதைப் பிரெஞ்சுக்காரர் தந்திரமாகக் கைப்பற்றினர். தெற்கே மாமல்லபுரம்; அங்கே கோட்டை இல்லை, ஆனால் கடலோடிகளுக்கு அதன் கோயில்களே கரையைக் காட்டும் அடையாளம். அதற்கும் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை. இன்னும் தெற்கே ஆலம்பரைக் கோட்டை. அது 1750ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. ஒரு நாள் சைக்கிள் பயணத்தில் பார்த்து முடிக்கக்கூடிய கரையில் இத்தனை கொடிகள் பறந்தன.

1752ல் ராபர்ட் கிளைவ், கோவளத்தையும் செங்கற்பட்டையும் பிடிக்கப் புறப்பட்டார். அவரிடம் இருந்தவர்கள் இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய இருநூறு பேரும், புதிதாகச் சேர்க்கப்பட்ட ஐந்நூறு சிப்பாய்களும். கோவளத்தில் முதல் வெடிச்சத்தம் கேட்டவுடனேயே அவர்கள் சிதறி ஓடினர். ஒருவன் மறுநாள் கிணற்றுக்குள் ஒளிந்திருக்கக் கண்டுபிடிக்கப்பட்டான். ஆயினும் கிளைவ் அவர்களை ஒன்று திரட்டிக் கோவளத்தைப் பிடித்தார். அடுத்துச் செங்கற்பட்டுக் கோட்டையைப் பீரங்கியால் தாக்கிப் பணிய வைத்தார். வீரம் என்பது தோலின் நிறத்தோடு பிறப்பதன்று, பழக்கத்தாலும் தலைமையாலும் வருவது என்பதற்கு இந்தக் கோவளத்துக் கிணற்றைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. யூசுப்கான் ஆங்கிலப் படையில் சேர்ந்ததும் ஏறக்குறைய இக்காலத்தில்தான்.

திருச்சிராப்பள்ளிக் களம்

1752 முதல் 1754 வரை திருச்சிராப்பள்ளியைச் சுற்றிப் பெரும்போர் நடந்தது. ஆங்கிலப் படைக்குத் தலைவர் ஸ்டிரிஞ்சர் லாரன்சு. எதிரிகள் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையினரும். நகருக்குள் இருந்த படைக்கு அரிசியும் வெடிமருந்தும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். தஞ்சைப் பக்கமிருந்தும் புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டிலிருந்தும் வரும் மாட்டு வண்டிகளையும் பொதிமாடுகளையும் இரவோடு இரவாகக் காட்டுவழியில் அழைத்து வந்து சேர்ப்பதே படையின் உயிர்நாடியாக இருந்தது. அந்த வேலையில் யூசுப்கானுக்கு இணை எவருமில்லை. வழிகளை அறிவார், மொழிகளை அறிவார், ஒற்றர்களை வைத்திருந்தார். எதிரி அடுத்து எங்கே வருவான் என்பதை முன்கூட்டியே சொல்லக்கூடியவர் என்று லாரன்சு அவரை மதித்தார்.

உயர்பவனைச் சுற்றிப் பொறாமையும் உயர்வது உலக இயல்பு. ஆங்கிலப் பாசறையில் லாரன்சுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த பொன்னியப்பன், மைசூராருடன் இரகசியத் தொடர்பு வைத்துக்கொண்டு, யூசுப்கானைத் துரோகி எனக் காட்டும் பொய்க் கடிதம் ஒன்று அகப்படும்படி செய்தார். யூசுப்கான் சிறைப்பட்டார். விசாரணையில் உண்மை வெளிவந்தது. 1754ல் பொன்னியப்பன் பீரங்கி வாயில் கட்டப்பட்டுக் கொல்லப்பட்டார். யூசுப்கான் மீண்டும் நம்பிக்கைக்கு உரியவரானார். கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் கம்மந்தான் என்ற பதவியும் அவரைத் தேடி வந்தது.

இந்த நிகழ்ச்சியை நான் இருமுறை படித்தேன். எத்தனை போர்களில் உயிரைப் பணயம் வைத்திருந்தாலும், ஒரே ஒரு காகிதம் அவரைச் சிறைக்குள் தள்ளப் போதுமானதாக இருந்தது. அவர் பெற்ற நம்பிக்கை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதை அவர் அன்றே உணர்ந்திருப்பார் என்று எண்ணுகிறேன்.

1755ல் கர்னல் ஹெரான் தலைமையில் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் ஒரு படை சென்றது. யூசுப்கானும் உடன் சென்றார். பாளையக்காரரிடம் வரி வாங்குவதே நோக்கம். திருமோகூர்ப் பக்கத்துக் கோவில்குடியில் ஹெரானின் படையினர் கோயில் திருமேனிகளைக் கொள்ளையடித்தனர். கொதித்தெழுந்த கள்ளர்கள் நத்தம் கணவாயில் அப்படையை மடக்கித் தாக்கி, கையில் கிடைத்த ஈட்டியாலும் தடியாலும் பெருஞ்சேதம் விளைவித்தனர். ஹெரான் பிறகு இராணுவ விசாரணைக்கு உள்ளாகிப் பதவி இழந்தார். அடுத்த ஆண்டு தென்சீமையை அடக்கும் பொறுப்பு யூசுப்கானிடம் ஒப்படைக்கப்பட்டது. நெற்கட்டும்செவல் பூலித்தேவரோடு அவருக்குப் பகை தொடங்கியது அங்கேதான்.

செங்கற்பட்டுக் கோட்டை

இனி நம் ஊருக்கு வருவோம். ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 1758ல் லாலி என்ற தளபதி பெரும்படையுடன் புதுச்சேரியில் வந்திறங்கினார். அவர் அயர்லாந்து மரபில் வந்த பிரெஞ்சுக்காரர், அஞ்சாதவர், ஆனால் பொறுமையற்றவர். சூன் மாதத் தொடக்கத்தில் கடலூர் அருகிலுள்ள செயிண்ட் டேவிட் கோட்டை அவரிடம் வீழ்ந்தது. தஞ்சைமீது படையெடுத்து வெறுங்கையோடு திரும்பினார். அக்டோபரில் ஆர்க்காட்டுக்குள் நுழைந்தார். அடுத்த குறி சென்னை.

செங்கற்பட்டுக் கோட்டை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் விசயநகர அரசர் காலத்தில் கட்டப்பட்டது. ஒரு பக்கம் ஏரி. மற்றப் பக்கங்களில் அகழியும் சேற்று நிலமும் நெல்வயலும். பாலாற்றுக்கு வடக்கே, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட வழியில் அது அமைந்திருக்கிறது. அதை வைத்திருப்பவர் அவ்வழியாகச் செல்லும் ஒவ்வொரு வண்டிக்கும் கணக்குக் கேட்கலாம். இதை உணர்ந்த சென்னை ஆளுநர் பிகட், கோட்டையைப் பலப்படுத்தினார். அதன் தலைவராகக் காப்டன் அக்கிலிஸ் பிரெஸ்டன் என்ற ஆங்கிலேயர் அமர்ந்தார். தெற்கே இருந்த யூசுப்கானும் தம் சிப்பாய்களுடன் வருமாறு அழைக்கப்பட்டார்.

லாலி சென்னைக்குப் போகும்போது செங்கற்பட்டைப் பார்வையிட்டார். அதைப் பிடிக்க முறையான முற்றுகை வேண்டும், நாளாகும் என்று கண்டு, அதை அப்படியே விட்டுவிட்டு முன்னேறினார். முள்ளைப் பிடுங்காமல் காலைச் செருப்புக்குள் நுழைத்த கதைதான்! 1758 டிசம்பர் 14ஆம் நாள் பிரெஞ்சுப் படை சென்னையின் கறுப்பர் நகரத்துக்குள் புகுந்தது. செயிண்ட் சார்ச் கோட்டை முற்றுகைக்குள்ளாயிற்று. கோட்டைக்குள் லாரன்சும் பிகட்டும் ஏறத்தாழ நாலாயிரம் பேருடன் இருந்தனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர் நம் நாட்டுச் சிப்பாய்கள். அந்த ஆண்டில்தான் சிப்பாய்க் கம்பெனிகள் பட்டாளங்களாகச் சேர்த்து ஒழுங்குபடுத்தப்பட்டன. என் அத்தை மகன் சொன்ன 1758 இதுதான்.

ஒரு முற்றுகையின் கணக்கை எண்ணிப் பாருங்கள். கோட்டைக்குள் இருப்பவன் சேர்த்து வைத்ததைத் தின்கிறான். வெளியே இருப்பவனுக்கோ அரிசியும் ஆடுமாடும் வெடிமருந்தும் நாள்தோறும் வந்துகொண்டே இருக்க வேண்டும். பிரெஞ்சுக் கப்பற்படை செப்டம்பரிலேயே மொரீசியசுக்குப் போய்விட்டது. ஆகவே கடல்வழியில் பேருதவி இல்லை. லாலியின் படைக்குச் சம்பளம் கொடுக்கவும் பணமில்லை. எல்லாம் தரைவழியில் வரவேண்டும். அந்தத் தரைவழியில் செங்கற்பட்டு இருந்தது.

தஞ்சைக் குதிரைப்படையையும் தொண்டைமான் படையையும் சேர்த்துக்கொண்டு யூசுப்கான் டிசம்பர் இறுதியில் செங்கற்பட்டை அடைந்து பிரெஸ்டனுடன் இணைந்தார். வெள்ளை அதிகாரியும் கறுப்புக் கம்மந்தானும் ஒரே பாசறையில் திட்டமிட்டனர். பரங்கிமலை வரையில் போவார்கள். பொருள் கொண்டுவரும் கூட்டத்தைத் தாக்குவார்கள். பெரும்படை வந்தால் கலைந்து மறைவார்கள். அது திரும்பியதும் மீண்டும் வருவார்கள். லாலியின் கண்ணுக்கு அவர்கள் ஓட்ட ஓட்ட மறுபடி வந்து மொய்க்கும் ஈக்களாகத் தோன்றினார்கள். முற்றுகையில் நிற்கவேண்டிய வீரர்களை அவர் அடிக்கடி பிரித்துத் தெற்கே அனுப்பவேண்டியதாயிற்று.

தஞ்சையிலிருந்து வந்த மேஜர் காலியாட் இந்த வெளிப்படைக்குத் தலைமை ஏற்றார். 1759 பிப்ரவரி 9ஆம் நாள் பரங்கிமலையில் பகல் முழுதும் பெரும்போர் நடந்தது. மாலையில் பிரெஞ்சுப் படை விலகிச் சென்றது. அப்போது வெளிப்படையின் வெடிமருந்து அநேகமாகத் தீர்ந்துவிட்டிருந்தது. இருட்டியதும் அவர்கள் சத்தமின்றிச் செங்கற்பட்டுப் பக்கம் பின்வாங்கினர். எதிரி இன்னும் சிறிது நேரம் நின்றிருந்தால் வரலாறு எப்படித் திரும்பியிருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 16ஆம் நாள், ஆங்கிலக் கப்பல்கள் துணைப்படையுடன் சென்னைக் கடலில் தோன்றின. மறுநாள் லாலி முற்றுகையைக் கைவிட்டுக் காஞ்சிபுரம் நோக்கிப் போனார். பீரங்கிகளையும் நடக்க முடியாத நோயாளிகளையும் விட்டுவிட்டே போனார். கோட்டைக்குள்ளிருந்து மட்டும் 26,000-க்கும் மேற்பட்ட பீரங்கிக் குண்டுகள் சுடப்பட்டிருந்தன. அந்தக் குண்டுகளுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். செங்கற்பட்டுச் சாலையில் மாண்ட சிப்பாய்களின் பெயர்களை எந்தப் புத்தகத்திலும் நான் காணவில்லை. அவர்கள் எந்த ஊர்க்காரர்கள், அவர்களுக்காக எந்த வீட்டில் விளக்கு அணைந்தது என்று சொல்வார் இல்லை.

மதுரை ஆளுநர்

சென்னை காப்பாற்றப்பட்டது. 1759லேயே யூசுப்கான் மீண்டும் தெற்கே அனுப்பப்பட்டார். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு ஐந்து இலட்ச ரூபாய்க் குத்தகைக்கு ஏற்றார். அத்தொகை பின்னர் ஏழு இலட்சமாயிற்று. ஏரி குளங்களைச் செப்பனிட்டார். நெசவாளருக்கு ஆதரவளித்தார். வழிப்பறியை ஒடுக்கினார். மீனாட்சியம்மன் கோயில் வழிபாட்டுக்குத் தொகை கிடைக்க வழி செய்தார். இசுலாமியராக வாழ்ந்தவர் கோயிலைக் காத்ததை மதுரை மக்கள் மறக்கவில்லை. மதுரையில் இன்றும் கான்சா மேட்டுத் தெரு என்றொரு தெரு இருக்கிறது. அவர் மனைவி மாசா என்பவர் கிறித்தவர், போர்த்துகீசிய மரபினர் என்று கூறுவர்.

ஆனால் இந்த நல்லாட்சிக்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைத்து எழுத எனக்குக் கை வரவில்லை. பணிய மறுத்த பாளையங்களை அவர் இரக்கமின்றித் தாக்கினார். 1761ல் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைக் கைப்பற்றினார். வரி கொடுக்க மறுத்து அந்நியரை எதிர்த்த முதல் வீரர்களில் ஒருவர் என்று நாம் போற்றும் பூலித்தேவரை வீழ்த்தியது வெள்ளைக்காரன் கையன்று; பனையூர் மருதநாயகத்தின் கை. கம்பெனிக்கு அவர் கட்டிய ஏழு இலட்சமும் குடியானவன் களத்தில் அளந்த நெல்லிலிருந்துதான் வந்தது. இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது ஒரு வீரரைப் பாடவே எண்ணியிருந்தேன். இந்த இடத்துக்கு வந்தபோது பேனாவை மூடி வைத்துவிட்டுச் சில நாள் எழுதாமல் இருந்தேன்.

பகை வேறு திசையிலிருந்தும் வந்தது. நவாபு முகம்மது அலிக்கு யூசுப்கானின் செல்வாக்குப் பொறுக்கவில்லை. குத்தகைப் பணம் தம்மிடமே கட்டப்படவேண்டும், யூசுப்கான் தமக்குக் கட்டுப்பட்ட வேலைக்காரர் என்றார் நவாபு. கம்பெனியிடம் நேரே பணம் கட்டி நேரே கட்டுப்பட விரும்பினார் யூசுப்கான். 1761 தொடக்கத்தில் புதுச்சேரி வீழ்ந்து பிரெஞ்சு ஆபத்து நீங்கியிருந்தது. 1763 பிப்ரவரியில் கையெழுத்தான பாரிசு உடன்படிக்கை முகம்மது அலியைக் கருநாடக நவாபு என ஒப்புக்கொண்டது. கடனாளியான நவாபிடமிருந்து கம்பெனிக்குக் கிடைக்கவேண்டியவை பல. அதே 1763ல்தான் செங்கற்பட்டுச் சீமை முழுவதையும் நவாபு கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். அப்படிப்பட்ட நவாபா, போர் முடிந்தபின் தேவை குறைந்துவிட்ட ஒரு கம்மந்தானா என்ற கேள்வி எழுந்தபோது கம்பெனி நவாபைத் தேர்ந்தெடுத்தது. செங்கற்பட்டில் நின்று சென்னையைக் காத்தவருக்கு அந்தச் செங்கற்பட்டின் வரிப்பணமே ஒருவகையில் எதிராக நின்றது எனலாம்.

மதுரை முற்றுகை

அழைத்தபோது யூசுப்கான் போகவில்லை. போனால் திரும்ப முடியாது என்று அவருக்குத் தெரியும். கோட்டையைப் பலப்படுத்தினார், பீரங்கிகள் சேர்த்தார், புதுச்சேரி வீழ்ந்தபின் சிதறிய பிரெஞ்சு வீரர்களை வேலைக்கு அமர்த்தினார். பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். எந்தக் கொடியை வீழ்த்தச் செங்கற்பட்டில் போரிட்டாரோ அந்தக் கொடி!

1763ல் கர்னல் மான்சன் தலைமையில் கம்பெனிப் படையும் நவாபின் படையும் மதுரையை முற்றுகையிட்டன. மழை வந்தது, முற்றுகை தோற்றது. அடுத்த ஆண்டு மேஜர் சார்லஸ் காம்பெல் தலைமையில் மீண்டும் வந்தார்கள். வந்தவர்களில் அக்கிலிஸ் பிரெஸ்டனும் ஒருவர். ஆம், செங்கற்பட்டுக் கோட்டையின் அதே பிரெஸ்டன்; இப்போது மேஜர். ஐந்தாண்டுகளுக்குமுன் ஒரே பாசறையில் இருந்த இருவர் இப்போது மதிலுக்கு இப்புறமும் அப்புறமும் நின்றனர். மதிலுக்கு இருபுறமும் இருந்த சிப்பாய்களும் அப்படியே. ஒரே பயிற்சி பெற்றவர்கள், ஒரே மொழி பேசியவர்கள்.

1764 சூன் 26ஆம் நாள் கம்பெனிப் படை மதிலைத் தாக்கி ஏற முயன்றது. உள்ளே இருந்தவர்கள் அதை முறியடித்தனர். அத்தாக்குதலில் பிரெஸ்டன் படுகாயமுற்றார், பிழைக்கவில்லை. வெற்றி பெற்ற அந்த மாலையில், விழுந்தவர் யார் என்று கேட்டறிந்தபோது கான் சாகிபின் மனம் என்ன பட்டிருக்கும்? வரலாற்றில் இதற்கு விடை இல்லை. ஆனால் நான் கோட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் என்னிடம் வருகிறது.

போரால் முடியாததைப் பசி முடித்தது. முற்றுகையிட்டவர்கள் வழிகளை அடைத்தனர். உணவு குறைந்தது. ஒரு படையின் உயிர் அதன் உணவு வழியில் இருக்கிறது என்பதைத் திருச்சியிலும் செங்கற்பட்டிலும் மற்றவருக்குக் கற்றுக் காட்டியவர் கான் சாகிபு. அந்தப் பாடம் இப்போது அவருக்கே திரும்பியது. அக்டோபர் 13ஆம் நாள், அவர் தொழுகையில் இருந்தபோது, திவான் சீனிவாசராவும், பாபா சாகிபும், பிரெஞ்சு அதிகாரி மார்ஷானும் சேர்ந்து அவரைப் பிடித்து, அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே கட்டி, எதிரியிடம் ஒப்படைத்தனர். 1764 அக்டோபர் 15ஆம் நாள், மதுரைக்கு மேற்கே, நவாபின் பாசறை அருகே அவர் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும்.

இருமுறை கயிறு அறுந்தது என்று மக்கள் கதை சொல்கிறது. உடலைத் துண்டித்து வெவ்வேறு ஊர்களில் புதைத்தனர் என்றும் சொல்லப்படுகிறது. மதுரை சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தின்மேல் 1808ல் கட்டப்பட்ட தொழுகையிடம் இருக்கிறது. கான் சாகிபு சண்டை என்ற கதைப்பாடல் கிராமங்களில் பாடப்பட்டது. அரசுகள் தூக்கிலிட்டவரை மக்கள் பாட்டில் ஏற்றிவைப்பது தமிழ்நாட்டில் புதிதன்று.

கோட்டையில் ஒரு மாலை

இவர் வீரரா, துரோகியா? கம்பெனிக்குத் துரோகி என்றது கம்பெனி. நாட்டின் விடுதலைக்கு முன்னோடி என்பர் சிலர். பூலித்தேவரை அழித்தவர் என்பர் வேறு சிலர். மூன்று கூற்றுகளுக்கும் ஆதாரம் இருக்கிறது. இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு முடிவு வரவில்லையென்றால் ஆசிரியர் மறுபடி செய்யச் சொல்வார். வரலாற்றில் எதையும் மறுபடி செய்து பார்க்க முடியாது.

ஒன்றை மட்டும் கண்டுகொண்டேன். சென்னை முற்றுகையோடு தொடர்புடைய பெரியவர்களின் முடிவைப் பாருங்கள். பிரெஸ்டன் தம் பழைய தோழரின் கோட்டைச் சுவரடியில் வீழ்ந்தார். கான் சாகிபு தாம் காத்த கம்பெனியின் படை பார்த்திருக்கத் தூக்கில் தொங்கினார். லாலி தோற்றதற்காகத் தம் நாட்டாராலேயே துரோகி எனப்பட்டு, 1766ல் பாரிசில் தலை வெட்டப்பட்டார். ஆளுநர் பிகட்கூட, இரண்டாம் முறை ஆளுநராக வந்தபோது, 1776ல் தம் சபையினராலேயே சிறைப்பிடிக்கப்பட்டு, அந்தப் பரங்கிமலையில் காவலில் வைக்கப்பட்டு, 1777ல் மாண்டார். பெரும் நிறுவனங்கள் ஆட்களைப் பயன்படுத்தும். பயன் முடிந்தால் நினைவில் வைப்பதில்லை. வெள்ளையருக்கே இதுதான் முறை என்றால் பனையூரிலிருந்து வந்தவருக்கு வேறு முறை இருந்திருக்குமா? அவருக்குப் பின் சிப்பாய்ப் பட்டாளங்களின் தலைமை ஆங்கில அதிகாரிகள் கையிலேயே இருந்தது. முழு அதிகாரி பதவி இந்தியருக்குக் கிடைக்க முதல் உலகப்போரின் இறுதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சென்ற மாதம் ஒரு மாலையில், விடுமுறையில் வந்திருந்த அத்தை மகனை அழைத்துக்கொண்டு கோட்டைப் பக்கம் போனேன். நான் படித்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். பிரெஸ்டனைப் பற்றிச் சொன்னபோது அவர் நடப்பதை நிறுத்திக்கொண்டார். நாங்கள் இருவரும் இடிந்த மதிலோரம் சிறிது நேரம் பேசாமல் நின்றோம். ஏரியில் நீர்க்காக்கைகள் இறங்கிக்கொண்டிருந்தன. பிறகு அவர், அந்தச் சிப்பாய்கள் சம்பளத்துக்காகப் போரிட்டார்கள், தாம் தம்முடைய சொந்த நாட்டுக்காக நிற்கிறேன், அந்த வேறுபாடு பெரிது என்று மெதுவாகச் சொன்னார். அது உண்மைதான். அந்த வேறுபாட்டுக்காகத்தான் பிற்காலத்தில் எத்தனையோ பேர் சிறை சென்றார்கள்.

ஆனால் எனக்கு இன்னொன்றும் தோன்றிற்று. கீழ்ப்படியிலிருந்து ஏறுபவன் தான் ஏறும் ஏணி எதன்மேல் சாத்தப்பட்டிருக்கிறது, யார் தோள்மேல் அதன் கால் ஊன்றியிருக்கிறது என்று அவ்வப்போது குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கான் சாகிபு மிக உயரமாக ஏறினார். குனிந்து பார்த்தபோது பூலித்தேவரும் இல்லை, பாளையக்காரரும் இல்லை. அவருக்கு ஏணியைக் கொடுத்தவர்களே அதைச் சாய்க்க நின்றார்கள். அவர் குறையை அறிந்த பின்னும் அவர்மேல் எனக்கிருந்த மதிப்புக் குறையவில்லை. அதனோடு ஓர் எச்சரிக்கையும் சேர்ந்துகொண்டது.

நண்பர்களே, நாளைக் காலை ரயில் ஏரியைக் கடக்கும்போது ஒரு நிமிடம் தலையைத் திருப்பிப் பாருங்கள். கோட்டையில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. கொஞ்சம் கல்லும் கொஞ்சம் முள்செடியும்தான். அங்கே ஒரு காலத்தில் பனையூர்க்காரர் ஒருவர் குதிரையில் வந்து இறங்கினார்.